பனைவிளை பேண்டு செட்டும் இருண்டுபோன திரையும்

பனைவிளை பேண்டு செட்டில் மொத்தமே மூன்று பேர். கிளாரினெட் வாசிக்கும் அருளப்பன் மாஸ்டர், டிரம்பெட் தங்கையா, பெரிய டிரம் கோயில்பிச்சை. மூவரும் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள். அவர்களிடம் இருந்த ஒரே குறை அதுதான்.

மூன்று பேர் செட்டையும் சேர்த்துக்கொள்ளும் மாவட்டப் போட்டி அந்த வருஷம்தான் முதன்முதலாக வந்தது. ஆன்லைனில் விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள், மாலை ஐந்து மணிவரை நேரம். பாதி நிரப்பியிருக்கும்போது லேப்டாப் தன்பாட்டுக்கு அப்டேட் ஆகி, திரை இருண்டுபோனது.

மாஸ்டர் சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டார். பெனாசிர் என்ற பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டிரைவர்லதான் கோளாறு சார். எடுத்துட்டு மறுபடி போடுங்க" என்றாள்.

மூவரும் வாசலைப் பார்த்தார்கள். வேன் டிரைவர் இஸ்ரவேல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாவம், அவர் என்ன செஞ்சாரு?" என்றார் கோயில்பிச்சை.

"நமக்கென்ன தெரியும்? படிச்ச பொண்ணு சொல்லுது" என்றார் மாஸ்டர்.

இஸ்ரவேலை வேலையிலிருந்து எடுத்தார்கள். அவர் கண் கலங்கித் தெருமுனை வரை போனார். அங்கிருந்து கூப்பிட்டு வந்து, மாலை போட்டு, மறுபடி வேலையில் போட்டார்கள். அவர் முகம் தெளிந்தது. திரை தெளியவில்லை.

"அப்ப பழைய டிரைவருக்கே திரும்பிப் போயிருங்க சார்" என்றாள் பெனாசிர்.

இஸ்ரவேலே வண்டியெடுத்துப் போய், தனக்கு முன்னால் வேன் ஓட்டிய பொன்னையாவைக் கூட்டிவந்தார். பெரியவருக்கு எழுபத்தெட்டு வயது, இரண்டு கண்ணிலும் புரை. லேப்டாப் முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"இதுக்கு என்னப்பா? நல்லாத்தானே இருக்கு. எனக்கு எல்லாமே இப்படித்தான் தெரியுது."

மூவருக்கும் பெரிய நிம்மதி. ஆனால் விண்ணப்பத்தை நிரப்ப முடியவில்லை. மணி நாலரை.

பெனாசிர் பெருமூச்சு விட்டாள். "ஃபங்ஷன் கீயை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, சூரியன் படம் போட்ட பட்டனைத் தட்டுங்க சார்."

"கீன்னா சாவி. நம்மூர்ல ஃபங்ஷன் எங்க நடக்கு?" என்று கேட்டார் தங்கையா.

"கல்யாண மண்டபத்துல" என்றார் கோயில்பிச்சை.

ஓடிப்போய் மண்டபத்துச் சாவியை வாங்கிவந்தார்கள். ஒரு சாண் நீளப் பித்தளைச் சாவி. அதைக் கோயில்பிச்சை இரண்டு கையாலும் விசைப்பலகைமேல் வைத்து அழுத்த, அது நாலைந்து பட்டனைச் சேர்த்து அமுக்கியது. தங்கையா சூரியனைத் தட்டினார். திரை பளீரென்று ஆனது.

"வந்துருச்சும்மா, வெளிச்சம் வந்துருச்சு" என்றார் மாஸ்டர்.

"நல்லது சார். நேரமாச்சு, உடனே சேமிச்சு அனுப்பிருங்க."

மாஸ்டர் சட்டென்று லேப்டாப்பை மூடினார். ஒரு பொட்டு வெளிச்சமும் கசியாதபடி கம்பளியில் சுற்றிக் கயிறு கட்டினார்கள். இஸ்ரவேல் வேனை விரட்டினார். ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் மாவட்ட அலுவலகத்தில் மூட்டையை இறக்கினார்கள்.

"மெதுவா அவிழுங்க சார். கண்ணு கூசும்" என்றார் மாஸ்டர்.

அதிகாரி அவிழ்த்துத் திறந்தார். திரை கறுப்பாகக் கிடந்தது. அவர் மூவரையும் ஏற இறங்கப் பார்த்தார். பேர்களைக் கேட்டு, ஒரு தாளில் தானே எழுதிக்கொண்டு, "சேர்த்தாச்சு, போயிட்டு வாங்க" என்றார்.

போட்டியில் இடம் கிடைத்தும், வேனில் மூவரும் காலிக் கம்பளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"கட்டு சரியில்லை. வழியில சிந்திருச்சு" என்றார் கோயில்பிச்சை கடைசியில்.

இஸ்ரவேல் வேனை மெதுவாக ஓட்ட, மற்றவர்கள் சாலையைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். பொழுது சாய்ந்து, தெருவிளக்குகள் எரியத் தொடங்கின. ரயில்வே கேட் பக்கத்தில் முதல் விளக்குக்கு அடியில், தரையில் வட்டமாக அது கிடந்தது.

"பாத்து மிதிங்கலே" என்று சொல்லிவிட்டு, மாஸ்டர் கம்பளியை அதன்மேல் விரித்தார். நாலு மூலைக்கும் நாலு பேர் நின்று மடிக்கத் தொடங்கினார்கள்.