மானூர் பஸ் டிக்கெட்

நம்பிராஜனுக்கு வயது ஐம்பத்தொன்பது. அவருடைய குருவுக்கு முப்பத்திரண்டு. பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஜெசிந்தாதான் அந்தக் குரு. ஞாயிற்றுக்கிழமைகளில் மேஜிக் ஷோ நடத்துவார். கைவசம் இருப்பது மூன்றே வித்தைகள். அந்த மூன்றைப் பார்க்கத்தான் ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள்.

சீடரிடம் நாற்பத்தோரு வித்தைகள் இருந்தன. எல்லாம் பார்சலில் வந்தவை. அவரை யாரும் கூப்பிடவில்லை.

இருபத்தெட்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். போன வருஷம் டிப்போவில் ஆயுத பூஜை அன்று, பழைய சகாக்கள் முன்னால் மேடை ஏறினார். காலிப் பெட்டியில் பூ வரவழைக்கிற வித்தை. பெட்டியின் கள்ளத் தட்டு பாதியிலேயே திறந்துகொண்டது. சிரிப்பு அடங்கியதும் துரைப்பாண்டி என்கிற டிரைவர் எழுந்து கேட்டார்.

"நம்பி, இத எங்க வாங்கின? என் பேரன்ட்டயும் இதே பெட்டி கெடக்கு."

அந்தக் கேள்வி நம்பிராஜனுக்கு இன்று வரை செரிக்கவில்லை. இந்த வருஷமும் அதே மேடைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சிரிக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். இந்தத் தடவையும் சொதப்பினால் மேஜிக்கையே தலைமுழுகிவிடுவதாக மனைவியிடம் சொல்லிவிட்டார். சொன்னதைச் செய்கிற ஆள்.

இருபது நாள் இருக்கும்போது ஜெராக்ஸ் கடையில் வந்து நின்றார்.

"டீச்சர், அந்தப் பெட்டி சரியில்ல. தரமான சாமானா ஒண்ணு சொல்லுங்க, வாங்கிருதேன்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஜெசிந்தா அதைச் சொல்லவில்லை.

"இருக்கிறத எல்லாம் எடுத்துட்டு வாங்க அண்ணாச்சி."

இரண்டு சாக்குப் பை நிறையக் கொண்டுவந்தார். ஜெசிந்தா ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார்.

"இது என்னது?"

"கயிறு டீச்சர். வெட்டினா ஒட்டிக்கிடும்."

"ஏன் ஒட்டணும்?"

"வித்தையே அதான?"

"இது?"

"முட்டை. மறைஞ்சு போயிரும்."

"மறைஞ்சா உங்களுக்கு என்ன?"

நம்பிராஜனுக்குக் கோபம் வந்தது. வித்தை கேட்க வந்தால் விடுகதை போடுகிறாரே என்று நினைத்தார். ஆனாலும் கிளம்பவில்லை.

"நீங்க சொல்லுற வரைக்கும் விடமாட்டேன் டீச்சர். நாளைக்கும் வருவேன்."

"வாங்க. நாளைக்கு ரெண்டு பேரும் பஸ்ல போவோம்."

மறுநாள் மானூர் பஸ்ஸில் ஏறினார்கள். எதற்கு என்று அவர் கேட்டார். நீங்க இருபத்தெட்டு வருஷம் இருந்த இடத்தை நான் பார்க்க வேண்டாமா என்றார் ஜெசிந்தா. பாதி வழியில் செக்கர் ஏறினார். முன் சீட்டில் இருந்தவர் சட்டைப் பையைத் துழாவினார். வேட்டியை உதறினார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"எடுத்தேன் சார். சத்தியமா எடுத்தேன்."

நம்பிராஜன் எழுந்தேவிட்டார்.

"சட்டைக் கைய மடிச்சு விட்டிருக்கியள்லா, அதுக்குள்ள பாருங்க."

டிக்கெட் அங்கேதான் இருந்தது. அந்த ஆளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. செக்கர் அடுத்த சீட்டுக்குப் போனார்.

"எப்படித் தெரிஞ்சுது அண்ணாச்சி?" என்றார் ஜெசிந்தா.

"சனங்க டிக்கெட்ட எங்கெங்க சொருகும்னு எனக்கு அத்துப்படி டீச்சர். சட்டைக் கை, வாட்ச் பட்டை, செல்போன் உறை, காது. சில பேரு வாயில கவ்விக்கிட்டே தேடுவாங்க."

"அதான் கெடச்சிருச்சே, அப்புறம் ஏன் இன்னும் நிக்கிய?"

நம்பிராஜன் அப்போதுதான் உட்கார்ந்தார். ஜன்னல் ஓரத்து ரப்பரை விரலால் தடவினார்.

"வேலைக்குச் சேந்த புதுசு. இதே ரோடு. தலையில துண்டு கெட்டின ஒரு பெரியவரு. நான்தான் டிக்கெட் குடுத்தேன், நல்லா நெனப்பு இருக்கு. செக்கர் வந்தப்ப அவர்ட்ட காணோம். என்னையே பாத்தாரு. 'நான் குடுத்தேன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். செக்கர் மேல இருந்த பயத்துல வாயத் தொறக்கல. உச்சி வெயில்ல பொட்டக்காட்டுல இறக்கி விட்டுட்டாங்க. ஜங்ஷன்ல வந்து பாக்கேன், டிக்கெட்ட ஜன்னல் ரப்பர்ல சொருகி வச்சிருக்காரு."

"அப்புறம் அவரப் பாத்தியளா?"

"ஒவ்வொரு டிரிப்பும் தேடினேன். வரவே இல்ல."

இறங்கும்போது ஜெசிந்தா சொன்னார்.

"அந்தச் சாக்குப் பை என் கடையிலயே கெடக்கட்டும்."

பதினெட்டு நாள் இருந்தது. நம்பிராஜன் கலர்த் தாளை டிக்கெட் அளவுக்கு நறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். விரலிடுக்கில் ஒளிப்பதும் எடுப்பதும் தவறிப்போவதுமாக இருந்தது. தவறினால் மறுபடி முதலிலிருந்து செய்தார். கட்டைவிரலில் தோல் உரிந்தது. சாப்பாடு எடுத்து வைக்கவா என்று மனைவி கேட்டால், "டிக்கெட் எடுத்தாச்சா?" என்றார். அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார்.

ஆயுத பூஜை அன்று பஸ்களுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, பொரி கொடுத்து முடித்ததும் நம்பிராஜன் மேடைக்கு வந்தார். பெட்டி இல்லை, மேஜை இல்லை. துரைப்பாண்டியைக் கூப்பிட்டு ஒரு டிக்கெட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார். மடித்து அவர் சட்டைப்பையில் வைத்தார். பிறகு குரலை மாற்றிக்கொண்டு செக்கர் மாதிரி கை நீட்டினார்.

"டிக்கெட்டக் காட்டும்."

துரைப்பாண்டி சிரித்துக்கொண்டே பையில் கை விட்டார். டிக்கெட் இல்லை. மற்றப் பைகளைப் பார்த்தார். காலுக்கடியில் பார்த்தார். கூட்டம் சிரித்தது. துரைப்பாண்டிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. வாழ்நாள் முழுக்க ஸ்டியரிங் பிடித்தவர், டிக்கெட் தொலைத்த பயணியாக ஒருநாளும் நின்றதில்லை.

"இங்கதான வச்ச? நீதான வச்ச நம்பி?"

நம்பிராஜன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். இப்போது அவர் செக்கர் இல்லை, கண்டக்டர்.

"இவருக்கு நான் டிக்கெட் குடுத்தேன்" என்றார். விடாமல் இன்னொரு தடவை சொன்னார். "நான்தான் குடுத்தேன். இவர இறக்கி விடாதீங்க. அண்ணே, உங்க வாட்ச் பட்டையில பாருங்க."

துரைப்பாண்டி கையெழுத்துப் போட்ட டிக்கெட் அவருடைய வாட்ச் பட்டைக்குள் மடிந்து இருந்தது. கூட்டம் கை தட்டியது, வெகுநேரம் நிறுத்தவில்லை.

மறுநாள் காலை நம்பிராஜன் ஜெராக்ஸ் கடைக்கு வந்தார்.

"டீச்சர், எங்க வாங்கினேன்னு ஒருத்தரும் கேக்கல."

"நல்லது அண்ணாச்சி."

"ஆனா துரைப்பாண்டி அந்த வித்தையச் சொல்லித் தரச் சொல்லுதாரு. பேரனுக்குச் செஞ்சு காட்டணுமாம். குடுத்துரலாமா?"

ஜெசிந்தா மெஷினை நிறுத்தினார்.

"தாராளமா குடுங்க. தாள எப்படி நறுக்கணும், விரல எப்படி மடக்கணும், ஒண்ணு விடாம சொல்லிக் குடுங்க."

"சரி டீச்சர்."

"அந்தப் பெரியவர எப்படி அண்ணாச்சி குடுப்பிய?"