ஆசனத்தில் உட்காராத வைத்தியர்

செங்காட்டூர் அரசர் கீர்த்திமாறனின் வைத்தியப் பள்ளியில் பாடம் சொன்ன வாத்தியார்களில் அடியேனும் ஒருவன். பெயர் மருதவாணன். கட்டி, கொப்புளம் எல்லாம் என் பிரிவு.

ஒருநாள் அரசர் ஆணை போட்டார். எந்த வாத்தியார் எழுதிய சுவடிகள் தராசில் அதிகம் கனக்கின்றனவோ, அவரே தலைமை வாத்தியார். அவ்வளவுதான், பள்ளியில் பாடம் படுத்துவிட்டது. கட்டியைப் பற்றித் தெரிந்ததை நான் ஒரு சுவடியில் எழுதி முடித்தேன். தெரியாததை எட்டுச் சுவடிகளில் எழுதினேன். மாணவர்கள்? எனக்கு ஓலை நறுக்கினார்கள், துளை போட்டார்கள், கயிறு கோத்தார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள்.

உட்கார்ந்தே எழுதியதில், உட்காரும் இடத்திலேயே எனக்கொரு கட்டி வந்தது. கட்டி வைத்தியனுக்கே கட்டி என்று வெளியில் சொல்ல முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நிறுக்கும் நாள் வந்தது. என் சுவடித் தட்டு தரையைத் தொட்டது. அரசர் பதவியோடு அணிவிக்கும் தங்கக் காப்பைக் கையில் எடுத்தார்.

"வைத்தியரே, வழக்கப்படி ஆசனத்தில் அமருங்கள்."

அமர்ந்தால்தான் பதவி. நான் நின்றேன்.

"தங்கள் முன்னால் உட்காருவதா அரசே? நிற்கிறேனே."

அவை விகடன் அழகியநம்பி என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"அரசே, இது அடக்கமில்லை. ஐயாவுக்கு உட்காரும் இடத்தில் கட்டி. காலையிலிருந்து அவர் படும் பாட்டைப் பார்க்கிறேன். அதனால் என்ன? இவருடைய மூத்த மாணவன் வாசலில்தான் நிற்கிறான். அவனையே கீறச் சொல்வோம். வலி போகும், ஐயா அமர்வார், காப்பும் கையில் ஏறும்."

அரசர் தலையாட்டினார். என் மாணவன் இளம்பரிதி உள்ளே வந்தான். கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு பணிவாகக் கேட்டான்:

"ஐயா, ஓலைக்குப் போடுவதுபோல் இரண்டு துளை போட்டால் போதுமா?"

நான் அரசர் காலில் விழுந்தேன்.

"எனக்குப் பதவியே வேண்டாம் அரசே. முதலில் இவனை அனுப்பிவிடுங்கள்."

"ஏன் பயப்படுகிறீர்? உம்முடைய மாணவன்தானே?"

"அதனால்தான் பயம், அரசே."

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். தராசைத் தூக்கி வெளியே போடச் சொன்னார். இனிமேல் தன் மாணவனின் கத்திக்கு முன்னால் தைரியமாகப் படுக்கிற வாத்தியாருக்கே பதவி என்றார். காப்பு பரிசாக அழகியநம்பியின் கைக்குப் போனது.

நான் நேரே வகுப்புக்குப் போய், நின்றபடியே பாடத்தை ஆரம்பித்தேன். கட்டி பழுப்பதற்குள் ஒருவனையாவது தேற்றியாக வேண்டும்.