கல்லில் கடைசிப் பெயர்

இஞ்ஞாசி பர்மாச் சண்டையிலிருந்து ஊர் திரும்பியபோது, பேராலயத்தில் அவனுக்கான இறந்தோர் பூசை முடிந்து வெகுநாள் ஆகியிருந்தது.

இடப்பக்கச் சுவரில், வானதூதர் மிக்கேல் சம்மனசின் சிலைக்குக் கீழே ஒரு சலவைக்கல். 'போரில் மரித்த எம் மக்கள்' என்று பொறித்திருந்தது. கடைசிப் பெயர் அவனுடையது. அவன் பிடிபட்டிருந்த சிறைமுகாமிலிருந்து ஒரு தகவலும் வராததால் பட்டாளத்தார் இறந்தவர்களோடு அவனையும் சேர்த்துவிட்டார்கள். அம்மா அந்தக் கல்லின் முன்னால் அழுது அழுதே போய்ச்சேர்ந்தாள். நிச்சயித்திருந்த பெண்ணுக்கு வேறிடத்தில் கல்யாணம் ஆகியிருந்தது.

கூடப் போன மற்றவர்கள் திரும்பவில்லை.

ஊரில் யாரும் அவனை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவனைக் கண்டதும் பேச்சு நின்றுவிடும். பிள்ளை திரும்பி வராத வீடுகளைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொள்வான். பிறகு அந்தத் தெருக்கள் பக்கமே போகாமலிருந்தான்.

பங்குச் சாமியார் ஞானாதிக்கம் அவனைவிட வயதில் இளையவர். அவனைக் கோயிலில் வேதம் சொல்லித்தரும் உபதேசியாராக்குவதற்காகத் தினமும் ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தார். ஒருநாள் பாடத்தின் நடுவே இஞ்ஞாசி கேட்டான்.

"சாமி, அந்தக் கல்லுலருந்து என் பேரை எடுத்திரலாமா?"

"எடுக்கலாம். அது இருக்கிறதால உமக்கு என்ன?"

"உயிரோட இருக்கிறவன் மாதிரி இருக்க முடியல சாமி."

சாமியார் புத்தகத்தை மூடினார்.

"கல்லறைத் திருநாள் வருது. இந்த வருஷம் கல்லுல உள்ள பேர்களை நீர் வாசியும்."

"நானா?"

"வாசிச்சிட்டு, அப்பவும் எடுக்கணும்னா சொல்லும். கொத்தனாருக்கு ஆள் அனுப்புறேன்."

திருநாளன்று கோயில் நிறைய ஜனம். இஞ்ஞாசி கல்லுக்கு எதிரே நின்றான். சாமியார் வழக்கமாக ராகம் போட்டு வாசிப்பார். அவனுக்கு அப்படி வரவில்லை.

"தொபியாஸ்."

முகாமில் கஞ்சி வந்ததும் அவர்களைத் தட்டி எழுப்பக் கூப்பிடும் அதே குரல்.

"சவரிராயன்."

"அந்தோணிப்பிள்ளை."

தன் பெயர் வந்தபோது அதை வாசிக்கவில்லை. அப்படியே நின்றுவிட்டான்.

பூசை முடிந்து ஜனம் கல்லறைத் தோட்டத்துக்குப் போனது. வயதான ஒரு பெண் மட்டும் அவனிடம் வந்தாள். தொபியாஸின் தாய் மரியசெல்வம்.

"ஏய்யா, என் மவனைக் கூடவே இருந்தவன் மாதிரி கூப்பிட்டியே?"

"கூடத்தான் இருந்தேன்மா."

"கடைசியிலயுமா?"

"என் மடியிலதான் போனான்."

அவள் பெஞ்சியில் உட்கார்ந்தாள்.

"ஒத்தையில செத்தான்னு நெனச்சுக் கெடந்தேனே. இதே ஊர்ல இருந்துக்கிட்டு ஏன்யா சொல்லல?"

"நான் மட்டும் வந்துட்டேனேம்மா. எந்த முகத்தோட வருவேன்?"

அவள் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை.

"பசியோட போனானா?"

அவனுக்குப் பொய் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

"ஆமாம்மா. காய்ச்சல்ல கஞ்சி எறங்கல. தண்ணி கேட்டான். குடுத்தேன்."

"குடிச்சானா?"

"குடிச்சான்."

அவள் அவன் கையை எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். கல்லறைத் தோட்டத்துக்குப் போனவர்கள் திரும்பி வரும்வரை விடவில்லை.

மாலையில் இஞ்ஞாசி சாமியாரிடம் போனான். கொத்தனாரைப் பற்றிக் கேட்கவில்லை.

"மத்த வீடுகளுக்கும் போகணும் சாமி."

"போயிட்டு வாரும்."

"பயமா இருக்கு. வாசல்ல நின்னு என்னன்னு சொல்லுவேன்?"

"உம்ம பேரைச் சொல்லும்" என்றார் சாமியார். "மிச்சத்தை அவங்க கேப்பாங்க."