பறக்கத் தெரிந்த ஜமீன்தார்

செங்காட்டு ஜமீன்தார் தன் விமானத்தருகே நின்று துப்பாக்கியை நீட்டினார். “ஒரு வாரமா ஓட்டுறேன். விமானி சான்றிதழ்ல இப்பவே கையெழுத்துப் போடுய்யா.”

பறக்கக் கற்றுக்கொடுக்கும் இஞ்சினீயர் அமிர்தசாமிக்கு வேர்த்துக் கொட்டியது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

“சான்றிதழ் வாங்கினவர் முதல் தடவை தனியாத்தான் பறக்கணும் எஜமான். அதுதான் எங்க வழக்கம்.”

ஜமீன்தார் மீசையை முறுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். இஞ்சின் உறுமியது. அமிர்தசாமி எட்டி ஒரு விசையைத் தட்டினார்.

“என்னய்யா அது?”

“நானே கண்டுபிடிச்சது எஜமான். கத்துக்கிறவர் கைப்பிடி வேலை செய்யாம தடுத்து வைக்கிற பூட்டு. இத்தனை நாளும் பின்னாடி உட்கார்ந்து நான்தான் ஓட்டினேன். இப்பத்தான் பூட்டைத் திறந்து உங்க கைப்பிடிக்கு உயிர் கொடுத்திருக்கேன்.”

துப்பாக்கி காட்டி மிரட்டியவர் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார்.

“நான் எதையும் தொடலப்பா! முதல்ல என்னை இறக்கு. சான்றிதழை நானே கிழிச்சிடறேன்!”