எந்திரி பாட்டும் மூன்று பழியும்

பட்டதை மறந்துவிடுகிறவர்கள் இந்தக் கதையைப் பாதியிலேயே விட்டுவிடலாம். மறக்கத் தெரியாதவர்கள் கடைசிவரை கேளுங்கள். உங்களிடம்தான் ஒரு கேள்வி இருக்கிறது.

மதுரைக்குத் தெற்கே ஓர் ஊரில் கோட்டைச்சாமி என்பவன் கல்யாண மண்டபம் வைத்திருந்தான். அங்கே பாத்திரம் கழுவியவள் பஞ்சவர்ணம். ஒருநாள் அவளுடைய அண்ணன் மகளுக்கு அதே மண்டபத்தில் கல்யாணம். அன்று அவள் வேலைக்காரி இல்லை, பெண்ணுக்கு அத்தை. பட்டுச்சேலை கட்டி முதல் பந்தியில் உட்கார்ந்தாள். சாம்பாரை ஊற்றிப் பிசைந்து இரண்டு வாய் எடுத்திருப்பாள். கோட்டைச்சாமி முன்னால் வந்து நின்றான்.

"ஏய், எந்திரி! கழுவுறவளுக்கு முதல் பந்தி கேக்குதோ?"

"சாப்புட்டுக்கிட்டு இருக்கேன்யா" என்றாள்.

அவன் குனிந்து, சோறு இருக்க இருக்க இலையை மடித்தான். மாப்பிள்ளை வீட்டார் அவனுக்கு வேண்டியவர்கள், பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணம் கெட்டுவிடக் கூடாதென்று அண்ணனும் வாய் திறக்கவில்லை. அவள் எச்சில் கையோடு வீட்டுக்கு நடந்தாள். மறுநாளிலிருந்து வேறு மண்டபத்துக்கு வேலைக்குப் போனாள்.

அவள் மகன் தவசி டூவீலர் பட்டறையில் இருந்தான். ராப் பாட்டுக் கட்டுவதில் அவனுக்குக் கிறுக்கு. நண்பன் ஜெய்லானியிடம் போய், "அருவாள எடுத்தா ஒருநாள் பேசுவாய்ங்க. பாட்டா எடுத்தா ஆயுசுக்கும் பேசுவாய்ங்க" என்றான்.

ஜெய்லானியின் வீட்டில் மெத்தைக் கடை. நாலு பக்கமும் மெத்தைகளை நிறுத்தி, நடுவில் போனை வைத்துப் பதிவு செய்தார்கள். வெளிச்சத்தம் உள்ளே வராது. பஞ்சுத்தூள்தான் மூக்கில் ஏறும்.

"டேய், தும்முறதா இருந்தா வெளிய போ. அந்தாளு பேரு வர்ற இடத்துல தும்மித் தொலைச்சிராத" என்றான் தவசி.

"அவன் பேருக்கு அந்த மரியாத போதும்டா" என்றான் ஜெய்லானி.

பஞ்சு அடிக்கும் கோலால் மெத்தையை ஓங்கி அடித்த சத்தம்தான் தாளம். ஏழு பாட்டுச் சேர்ந்தது. அந்த மிக்ஸ்டேப்புக்கு 'முதல் பந்தி' என்று பெயர் வைத்தார்கள். கடைசிப் பாட்டு 'எந்திரி'. நடந்ததை நடந்தபடியே, கோட்டைச்சாமியின் பேரோடு தவசி பாடியிருந்தான். இணையத்தில் ஏற்றினார்கள். செல்போன் கடைக்காரர் ஷேர் ஆட்டோக்காரர்களின் மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்தார். பாட்டு தீயாகப் பரவியது.

ஆனால் ஊர் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு வரியை. பந்தி முடியும்போதெல்லாம் இளவட்டங்கள் "ஏய், எந்திரி!" என்று கத்திச் சிரித்தார்கள். முதலில் போலீசுக்குப் போவேன் என்று குதித்த கோட்டைச்சாமியை, "அண்ணே, ஒரு தடவ சொல்லுங்கண்ணே!" என்று மைக்கை நீட்டி மயக்கிவிட்டார்கள். அவன் சொன்னான். விசில் பறந்தது. அவனோடு படம் எடுக்க வரிசை நின்றது. மண்டபத்தில் தேதி கிடைக்கவில்லை. கோட்டைச்சாமி பட்டறைக்கே வந்து தவசியின் தோளைத் தட்டினான்.

"நல்லா வருவடா தம்பி. அடுத்த பாட்டுலயும் நம்ம பேரப் போட்டுரு."

பஞ்சவர்ணம் வேலைக்குப் போன மண்டபத்திலும் அந்தப் பாட்டுதான், அந்தச் சிரிப்புதான். "அன்னைக்கு ஒருத்தன் எழுப்புனான். இப்ப ஊரே எழுப்புதுடா" என்று மகனிடம் சொன்னாள்.

தவசி ஏழு பாட்டையும் இணையத்திலிருந்து அழித்தான். சென்னையில் ஒரு மேடைக்கு அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். 'எந்திரி' இல்லாமல் வரவேண்டாம் என்றார்கள், அவன் போகவில்லை. கோட்டைச்சாமியோ பாட்டு இல்லாமலே மைக்கில் கத்திக்கொண்டிருந்தான்.

பஞ்சவர்ணம் மகனிடம் சொல்லிக்கொள்ளாமல் ஒரு காரியம் செய்தாள். பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குக் கோட்டைச்சாமியின் மண்டபத்துக்கே போய், முதல் பந்தியில் உட்கார்ந்தாள். கோட்டைச்சாமி மைக்கோடு பந்தியைச் சுற்றி வந்தான். அவள் கை நீட்டி மைக்கை வாங்கினாள்.

"பாட்டுல எழுப்புனது என்னையத்தான். இந்தா உக்காந்துருக்கேன். இப்ப இலைய மடிங்கய்யா பாப்போம்."

பந்தியே திரும்பிப் பார்த்தது. கோட்டைச்சாமிக்கு முகம் வெளுத்தது. அதுவும் கொஞ்ச நேரம்தான். சட்டென்று இரண்டு கையையும் கூப்பி, "தப்புத்தான் தாயி, மன்னிச்சிரு" என்றான். வாளியை வாங்கி அவனே பரிமாறினான். அவள் வயிறாரச் சாப்பிட்டு எழுந்தாள். யாரோ எடுத்த வீடியோ ஊரைச் சுற்றியது. "என்ன பெரிய மனசு கோட்டைச்சாமிக்கு!" என்று கண் கலங்கினார்கள்.

வீடியோவைப் பார்த்த ஜெய்லானி மறுபடி மெத்தைகளை நிறுத்தினான். பழைய பதிவு அவனிடம் இருந்தது. அதில் கோட்டைச்சாமியின் பேரையும் 'ஏய், எந்திரி' என்ற வரியையும் வெட்டி எறிந்தான். பஞ்சவர்ணத்தை அழைத்துவந்து, முதல் தடவை இலையை மடித்த அன்று அவள் சொன்ன ஒரு வரியை மட்டும் சொல்லச் சொன்னான். வெட்டிய இடங்களில் எல்லாம் "சாப்புட்டுக்கிட்டு இருக்கேன்யா" என்ற அவள் குரலை வைத்து வெளியிட்டான். இப்போது இணையத்தில் தேடினால் கிடைப்பது அந்தப் பாட்டு மட்டும்தான். அதைக் கேட்டு யாருக்கும் விசிலடிக்க வரவில்லை. "அது நம்ம பாட்டுதான்யா" என்று கோட்டைச்சாமி சொன்னால், "உங்க பேரே வரலையேண்ணே" என்கிறார்கள்.

தவசிக்குக் கோபம். "பேரில்லாம என்னடா பழி?" என்று ஜெய்லானியோடு பேச்சை விட்டுவிட்டான்.

மகன் பாட்டுக் கட்டினான், பிறகு அதை அழித்தான். தாய் நேரில் போய்க் கேட்டாள். நண்பன் பேரை வெட்டினான். கோட்டைச்சாமியைச் சரியாகப் பழிவாங்கியது யார்?

விடை: பலரும் தாய் என்பீர்கள். அவள் கேட்டது நியாயம். ஆனால் அவன் அதையும் லாபமாக்கிக்கொண்டான். மகன் கொடுத்த அடி மகன் மேலேயே திரும்பி விழுந்தது. ஜெய்லானிதான் என்பேன். கெட்ட பேரையும் விற்றுச் சாப்பிடுகிறவனுக்கு இன்னொரு கெட்ட பேர் எப்படி வலிக்கும்? பேரே இல்லாமல் செய்தால்தான் வலிக்கும். தவசி முதலில் அழிக்காவிட்டால் புதுப்பாட்டு எடுபட்டிருக்காதே என்று நீங்கள் வாதாடலாம். வாதம் சரிதான். ஆனால் அவன் அழித்தது வலி தாங்காமல். இவன் வெட்டியது குறிபார்த்து. இன்னொன்றையும் கவனியுங்கள். கோட்டைச்சாமி மன்னிப்புக் கேட்டான் என்றுதான் சொன்னேன். அவள் கொடுத்தாள் என்று நான் சொல்லவே இல்லை.