வேகமாப் போனாத்தான் பிடிக்கும்

தூத்துக்குடிப் பக்கம் ஓர் உப்பளத்தில் தண்ணீர் இறைக்க மூன்று சின்னக் காற்றாடிகள். அவற்றின் காந்த ஜெனரேட்டர் ஒன்றில் கோளாறு. நிபுணர் ரங்கமணி வந்தார். மூன்று ஜெனரேட்டர்களையும் கீழே இறக்கவைத்தார். சோதிக்கும் மீட்டரை மறந்துவிட்டு வந்ததைப் பற்றி மட்டும் வாய்திறக்கவில்லை.

"மூணையும் சென்னைக்கு அனுப்புங்க. ஒரு மாசம் ஆகும்."

நல்ல உப்பு சீசன். ஒரு மாதம் தண்ணீர் நின்றால் அத்தனை பேருக்கும் வேலை போச்சு. காற்றாடிக்குக் கிரீஸ் போடும் பேச்சிக்கனி முன்னால் வந்தாள்.

"கெட்டது எதுன்னு கையாலயே சொல்லுதேன் சார்."

"சொல்லிட்டா, நல்லதை நானே தோள்ல தூக்கி மேல ஏத்துறேன்!"

அவள் தண்டுகளைச் சுற்றினாள். இரண்டு, வெறும் திருகைபோல் சுழன்றன. மூன்றாவது, வேகம் கூட்டியதும் தானியம் போட்ட திருகையாய்க் கனத்தது.

"இதுதான்."

"அது துரு, அம்மா!"

"துருன்னா மெதுவாச் சுத்துனாலும் பிடிக்கும். இது வேகமாப் போனாத்தான் பிடிக்குது. உள்ள கம்பியும் கம்பியும் ஒட்டிக்கிட்டு. பெருங்காத்து அடிச்சா காத்தாடியை நிறுத்த வயரை நாங்க எப்படிச் சேத்துக் கட்டுவோம், தெரியுமா?"

நல்ல ஜெனரேட்டரின் வயர் நுனிகளை முறுக்கிச் சேர்த்து, தண்டை அவர் கையில் கொடுத்தாள். வேகமாகச் சுற்றினார், அதுவும் அதேபோலப் பிடித்தது. முறுக்கைப் பிரித்தாள், விட்டது. உப்பளமே கைதட்டியது.

சொன்ன சொல் தப்பாமல் ரங்கமணி ஒன்றைத் தோளில் ஏற்றி, வீறாப்பாக ஏணியில் விறுவிறுவென்று ஏறினார். பத்தாம் படியில் தொடை பிடித்துக்கொண்டது.

கீழிருந்து பேச்சிக்கனி குரல் கொடுத்தாள்:

"மெதுவா ஏறுங்க சார்! வேகமாப் போனாத்தான் பிடிக்கும்!"