புன்னை நிழலுக்கு மூன்று பேர்

முழுவதும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். பாதியில் சொன்னால் மாற்றிச் சொல்ல வேண்டிவரும்.

வெண்மணல்துறை என்ற கடற்கரை ஊரில் ஜெசிந்தா டீக்கடை வைத்திருந்தாள். நாலு கம்பு, மேலே ஒரு தகரம், அவ்வளவுதான் கடை. மீன் ஏலம் போடும் இடத்துக்குப் பக்கம் என்பதால் ஆளுக்குக் குறைவில்லை, நிழலுக்குத்தான் பஞ்சம். பத்து மணிக்கு மேல் தகரம் கொதிக்கும். டீ வாங்கியவர்கள் கிளாஸோடு லாரி நிழலுக்கு ஓடுவார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு எரிச்சல் மண்டும்.

முதல் வருஷம் வேப்பங்கன்று வைத்தாள். ஆடிக்காற்று உப்பை வாரி அடித்ததில் இலையெல்லாம் கருகிக் குச்சிதான் நின்றது. அடுத்த வருஷம் கொன்றை. அதுவும் போயிற்று. செம்மண்ணை மூட்டை மூட்டையாகத் தலையில் சுமந்துவந்து போட்டு மாங்கன்று நட்டபோது ஏலக்காரர்கள் வாய்விட்டே சிரித்தார்கள். அது பட்டுப்போன அன்று குச்சியைப் பிடுங்கிக் கடலில் வீசிவிட்டு, "இனி ஒரு இலைகூட இங்க வைக்க மாட்டேன்" என்றாள்.

அப்போதுதான் சேசடிமை வந்தான். படகுத் தொழிலாளி, நடுவில் இரண்டு வருஷம் ஒரு நாற்றுப்பண்ணையில் வேலை பார்த்தவன். புன்னைக்கொட்டையை உடைத்து முளைக்கப்போட்டு, தானே வளர்த்த கன்று ஒன்றைக் கையில் வைத்திருந்தான்.

"அக்கா, இலையத் தொட்டுப் பாருங்க. தோலு மாதிரி தடிப்பா இருக்கா? உப்பு இதை ஒண்ணும் செய்யாது. வருஷம் பூரா பச்சையா நிக்கும். ரெண்டு கோடைக்கு மட்டும் தண்ணி காட்டிருங்க. இது உங்களுக்குத்தான்."

அவனே குழி தோண்டி நட்டான். காற்று வரும் பக்கம் பனையோலையால் ஒரு தட்டி கட்டினான். அடுத்த வாரம் கொச்சிக்குப் படகு வேலைக்குப் போனவன் ஏழு வருஷம் திரும்பி வரவில்லை.

ஜெசிந்தா தெருக்குழாயிலிருந்து காலையும் மாலையும் ஒவ்வொரு குடம் நல்ல தண்ணீர் சுமந்து ஊற்றினாள். இந்தக் கன்று கருகவில்லை. ஆனால் வேறொரு தொல்லை வந்தது. கடைக்கு அடுத்தாற்போல் பிரகாசி என்பவள் கருவாடு காயப்போடும் களம்.

"ஏட்டி ஜெசிந்தா, உன் மரம் வளந்தா என் களத்துல வெயில் விழுமா? மீன் புழுத்துப் போவும். வேற எங்கயாவது மாத்தி வையி."

"என் கடை இங்கதான இருக்கு. மரத்த எங்க கொண்டு வைக்க?"

பேச்சு அதோடு முறிந்தது. மறுநாளிலிருந்து பிரகாசி மீன் அலசிய கடல்தண்ணீரை வாளியோடு கன்றின் அடியிலேயே கவிழ்க்க ஆரம்பித்தாள். ஜெசிந்தா கத்தினாள், வாளியைப் பிடுங்கினாள், ஊர்க்கமிட்டித் தலைவர் தஸ்நேவிஸிடம் முறையிட்டாள். அவர் கண்டித்தார், பிரகாசி நிறுத்தினாள்.

இரண்டாவது கோடையில் ஜெசிந்தாவின் மகளுக்குப் பிரசவம். கடையைக் கட்டிவைத்துவிட்டு மூன்று மாதம் வெளியூரில் இருந்தாள். கன்றுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி ஒருவரையும் கேட்கவில்லை; யாரிடமும் தலைவணங்கிக் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. அந்தக் கோடையில் தெருக்குழாயும் வறண்டது. திரும்பி வந்தால், கன்று அவள் நெஞ்சு உயரத்துக்குக் கரும்பச்சையாக நின்றது. கடவுள் காப்பாற்றினார் என்று நினைத்துக்கொண்டாள்.

வருஷங்கள் போயின. மரம் குடைபோல விரிந்தது. பிரகாசியின் களத்தில் பாதி நிழலில் போயிற்று. பிறகு கடலரிப்புக்குச் சுவர் கட்ட வேண்டுமென்று கரையிலிருந்த கடைகளையெல்லாம் எடுக்கச் சொன்னார்கள். புன்னைக்கு அடியில் ஒரே ஒரு கடை இருக்கலாம் என்று அனுமதி கிடைத்தது. "மரத்தை வளர்த்தவருக்கே அந்த இடம்" என்று கமிட்டி முடிவு செய்தது.

ஜெசிந்தா நிம்மதியாகத்தான் கூட்டத்துக்குப் போனாள். அங்கே இன்னும் இரண்டு பேர் நின்றார்கள்.

கொச்சியில் முதுகு ஒடிந்து திரும்பியிருந்த சேசடிமை தூண்டிலும் தூண்டில் நரம்பும் விற்க இடம் கேட்டான். "இந்த மண்ணுக்கு எது நிக்கும்னு தெரிஞ்சு, முளைக்கவச்சு, நட்டது நான். வேற கன்னா இருந்தா நீங்க ரெண்டு பேரும் சேந்து கொன்னுருப்பீங்க."

பிரகாசி எழுந்தாள். "ஒளிக்க மாட்டேன். இவ ஊர்ல இல்லாத மூணு மாசமும் மீன் அலசின தண்ணிய தினம் நாலு வாளி ஊத்தினேன். சாகணும்னுதான் ஊத்தினேன். அது அந்த ரத்தத்தையும் செதிலையும் தின்னு வளந்துட்டு. வேற எவரும் ஒரு சொட்டு ஊத்தல. என் களமும் போச்சு. நிழலாவது எனக்கு வேண்டாமா?"

ஜெசிந்தாவுக்கு முகம் சிவந்தது. சுமந்த குடங்கள், கேட்ட கேலி, போட்ட சண்டை எல்லாம் நினைவுக்கு வந்தன. "கொல்லப் பாத்தவளுக்கா மரம்?" என்று பிரகாசியைப் பார்த்துக் கத்தினாள்.

தேர்ந்து கொடுத்தவன் ஒருவன். பாடுபட்டு வளர்த்து நடுவில் விட்டுப் போனவள் ஒருத்தி. கொல்ல நினைத்துக் காப்பாற்றியவள் ஒருத்தி. அந்த நிழல் யாருக்குச் சேர வேண்டும்? சொல்லுங்கள்.

விடை: தலைவர் தஸ்நேவிஸ் இடத்தை ஜெசிந்தாவுக்கே கொடுத்தார். சேசடிமை "உங்களுக்குத்தான்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டான். கொடுத்த பொருளில் பங்கு கேட்க முடியாது. பிரகாசியின் தண்ணீர் மரத்தைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் அது மரத்தின் குணத்தால் நடந்தது, அவள் மனத்தால் அல்ல. பட்டுப்போயிருந்தால் அவள் வளர்த்ததாக உரிமை கேட்டிருப்பாளா? ஆனால் அவள் களம் போனது நிஜமான நஷ்டம். அதற்கு ஈடாக வெயில் விழும் வேறு களத்தைக் கமிட்டி கட்டித் தர வேண்டும் என்றார். தீர்ப்பு சரிதான் என்று ஊர் சொன்னது. ஜெசிந்தாவால் மட்டும் முழுதாகச் சந்தோஷப்பட முடியவில்லை. "அவ ஊத்தலேன்னா?" என்று ஒருமுறை தலைவரிடம் கேட்டாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அதான் முடிஞ்சு போச்சேம்மா" என்று நடந்தார். புதுக் கடை திறந்த அன்று ஊரே வந்து டீ குடித்தது. பிரகாசி வரவில்லை, ஜெசிந்தாவும் கூப்பிடவில்லை.